சூசை பற்றவைத்த பாஸ்கா நெருப்பு

1

இதை எழுதும்போதும் என் கோட்டில் புகை வாசம் இருக்கிறது. ஈஸ்டர் முடிந்து நாலு நாளாகிவிட்டது. ஆலைக்குப் போகிறேன், வருகிறேன், சோறு வடிக்கிறேன், ஆனால் கோட்டை மட்டும் துவைக்கப் போடவில்லை. மகள் ரோஸி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மம்மி, இன்னா ஸ்மெல்லு இது, மிஷின்ல போடு" என்கிறாள். சரி என்று தலையாட்டிவிட்டு அதையே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். நடந்ததை யாரிடமாவது முழுசாகச் சொல்ல வேண்டும். இங்கே சொல்ல ஆளில்லை. அதனால் பழவேற்காட்டுப் பக்கம் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

என் பேர் அற்புதம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். பொன்னேரிப் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் தோல் உரித்துக்கொண்டிருந்த என்னை ஒரு ஏஜென்ட் மூலமாகக் கனடாவுக்கு எடுத்தார்கள். கனடா என்றதும் டொரான்டோவை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கிழக்குக் கோடியில், கடலுக்குள் தனியாகக் கிடக்கிற நியூஃபவுண்ட்லாந்து என்னும் தீவு. அதிலும் ஒரு ஓரத்தில் இருக்கிற சின்ன துறைமுக ஊர். ஒரு நண்டு ஆலை, ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், மரத்தால் கட்டிய ஒரு மாதா கோயில். முதலில் நான் தனியாக வந்தேன். ரெண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் சூசையும் ரோஸியும் வந்தார்கள். இப்போது நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ஆலையில். நான் நண்டுக் கால் பிரிக்கிற மேசையில், அவர் துறையில் படகிலிருந்து பெட்டி இறக்குகிற இடத்தில்.

கடல் இருக்கிறது, மீன் வாசம் இருக்கிறது, காற்று இருக்கிறது. நம்ம வாடைக்காற்றை இந்தக் காற்றுக்கு முன்னால் விசிறி என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் காற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையே அதனால் வந்ததுதான்.

2

சூசை எட்டு வருஷமாகக் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. ஒரு மெழுகுதிரி ஏற்றியதில்லை.

அதற்கு முன்னால் அப்படி இல்லை. குப்பத்துக் கெபியில், அதான் மாதா குகையில், திருவிழா என்றால் கொடிமரம் நடுவதிலிருந்து சீரியல் பல்பு கட்டுவது வரைக்கும் அவரும் அவருடைய அண்ணன் அந்தோணியும்தான். ரெண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு இருந்தது. ஒருநாள் விடிகாலையில் அந்தோணி மாமா மட்டும் தனியாகப் போனார். முதல் நாள் போட்டுவிட்டு வந்த வலையை எடுத்துக்கொண்டு வருகிற வேலைதான். ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் அந்த வருஷம் மணல் மேடிட்டுக் கிடந்தது. அங்கே அலை படகைப் புரட்டிவிட்டது. படகு கிடைத்தது. மாமா கிடைக்கவில்லை.

மூணு சாயங்காலம் முகத்துவாரத்துக் கரையில் ஜனம் நின்றது. நம்ம ஆட்கள் மெழுகுதிரியோடு வந்தார்கள். பக்கத்துக் குப்பத்து இந்துக் குடும்பங்கள் விளக்கெடுத்து வந்தார்கள். ஏரிக்குள் இருக்கிற பசியாவரம் தீவிலிருந்து படகு கட்டிக்கொண்டு வந்தவர்கள் செல்போன் டார்ச்சைக் கடலைப் பார்த்துப் பிடித்தார்கள். கோயில் உபதேசியார் ஜெபமாலை சொல்லச் சொல்ல, நாங்கள் எல்லோரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்து அவர் எங்கிருந்தாவது நீந்தி வந்துவிடுவார் என்றே நம்பினோம். சூசை ரெண்டு உள்ளங்கையையும் குவித்து ஒரு திரியை அணையாமல் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கையெல்லாம் மெழுகு ஒழுகிக் கொப்புளம் போட்டிருந்தது.

மூணாம் நாள் வடக்கே ஆந்திரா கரைப் பக்கம் போன படகுக்காரர்கள் உடலைக் கொண்டுவந்தார்கள். சூசை கையிலிருந்த திரியை மணலில் வைத்தார். ஊதி அணைக்கவில்லை, அப்படியே வைத்துவிட்டு நடந்தார். "மூணு நாளு ஏத்தி வெச்சி இன்னா ஆச்சு" என்று மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அண்ணன் பேரைக்கூட எடுக்க மாட்டார். நான் எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்தோணி மாமாவின் மனைவி மேரி அக்கா அப்படி இல்லை. கெபியில் தினமும் திரி ஏற்றினாள், இன்றைக்கும் ஏற்றுகிறாள். ஒருமுறை அவளிடமே கேட்டேன், எப்படி அக்கா உன்னால் முடிகிறது என்று.

"அவரு திரும்பி வரணும்னா ஏத்தறேன்? அந்த மூணு நாளு என் கூட எத்தினி பேரு நின்னாங்கோ தெரியுமா. இருட்டுல என்னை ஒண்டியா வுட்டுடலனு கர்த்தரு காட்டினாரு. அத்த மறக்கக்கூடாதுனுதான்" என்றாள்.

சூசைக்கு சாமி மேல் கோபம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேரி அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

3

ரோஸிக்குப் பதினேழு வயசு. இங்கே வந்தபோது என் முந்தானையை விடாத பிள்ளை. இப்போது நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. அதுவும் இந்தத் தீவுக்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ், சொல்லை விழுங்கி விழுங்கி, பாதி எனக்குப் புரியாது. கோயிலுக்குப் போவதும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் வயிற்றுவலி, அப்புறம் பரீட்சை, அப்புறம் காரணமே சொல்வதில்லை.

போன கிறிஸ்துமஸ் முடிந்ததும் பங்குத் தந்தை அவளுக்கு உறுதிபூசுதல், அதாவது எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற சடங்கு, கொடுக்கலாமா என்று கேட்டார். வயசான மனுஷர், மூணு ஊர் கோயிலுக்கும் அவர் ஒருத்தர்தான். ஆயரிடம் அனுமதி வாங்கி, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி பாஸ்கா திருவிழிப்பிலேயே கொடுத்துவிடலாம் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். ரோஸி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நைனாவுக்கு மட்டும் லைஃப் லாங் லீவு, எனக்கு மட்டும் கிளாஸா? அவரு வந்தா நானும் வரேன்."

சூசை நிமிரவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "வண்டி ஓட்டிக்கினு வரேன். உள்ள வரமாட்டேன்" என்றார்.

ரோஸி தள்ளிவைத்த தட்டை இழுத்துக்கொண்டாள். "பார்க்கிங்கும் சர்ச்சோட எடம்தான். ஓகே" என்றாள். நான் அன்று ராத்திரி தூங்கவே இல்லை, சந்தோஷத்தில்.

அப்புறம் ஆரம்பித்தது காகித வேலை. அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும், அதுவும் ஆறு மாசத்துக்குள் எடுத்ததாக. ஊரில் மேரி அக்காதான் அலைந்தாள். முதல் தடவை போனபோது பங்கு அலுவலகம் பூட்டியிருந்தது. ரெண்டாம் தடவை பதிவேட்டில் 'ரோசிலின்' என்று இருக்கிறது, பாஸ்போர்ட்டில் 'ரோஸ்லின்' என்று இருக்கிறது, ரெண்டும் ஒரே பிள்ளைதான் என்று யார் சொல்வது என்றார்கள். மூணாம் தடவை உபதேசியாரையே கூட்டிக்கொண்டு போய், "இந்தப் பிள்ளையத் தூக்கிப் பிடிச்சதே இவருதான், கேட்டுக்கோங்க" என்று நிறுத்திவிட்டாள். சான்றிதழும் கூடவே ஒரு கடிதமும் வாட்ஸ்அப்பில் வந்தன.

இங்கே வேறு குழப்பம். ரோஸிக்கும் எனக்கும் பேருக்குப் பின்னால் சூசை. சூசைக்குப் பின்னால் அவருடைய நைனா பேர், ஞானப்பிரகாசம். படிவத்தின் கட்டத்துக்குள் ஞானப்பிரகாசம் அடங்கவே இல்லை. ஒரே வீட்டில் ரெண்டு குடும்பப் பேர் எப்படி என்று செயலாளர் அம்மாள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். எங்கள் ஊரில் குடும்பப் பேரே கிடையாது, அப்பா பேர்தான் என்று விளக்கினேன். "அப்போ சூசை உங்கள் அப்பாவா?" என்றார். ஃபாதர் அந்தப் பக்கமாக வந்தவர், கடவுளுக்கு எழுத்துப் பிழை பிரச்சினை இல்லை என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார்.

4

என் இங்கிலீஷ் செய்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன்.

கோயில் உள்வேலை பார்ப்பவர் மார்கரெட். எழுபது வயசு. பீடத் துணி, பூ, மெழுகுதிரி எல்லாம் அவர் பொறுப்பு. ரோஸிக்கு ஞானத்தாயாக நிற்க ஒத்துக்கொண்டதும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு காபி குடிக்கும்போது, உன் வீட்டுக்காரர் ஏன் வருவதில்லை என்று அன்பாகக் கேட்டார். அவருக்குள் இருந்த விசுவாசம் அணைந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். விசுவாசத்துக்கு இங்கிலீஷ் வார்த்தை நேரத்துக்கு வரவில்லை. "மை ஹஸ்பண்ட் வென்ட் அவுட். எய்ட் இயர்ஸ். நாட் கம் பேக்" என்றேன். கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது.

மார்கரெட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சுற்றி இருந்த நாலு அம்மாக்களும் முதுகைத் தடவினார்கள். எவ்வளவு ஆதரவான ஜனம் என்று நெகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கதவு தட்டுகிற சத்தம். சூசைதான் போய்த் திறந்தார். வாசலில் மார்கரெட், கையில் மூடிய பெரிய பாத்திரம். பின்னால் ரெண்டு பேர், அவர்கள் கையிலும் பாத்திரம். புருஷன் விட்டுட்டுப் போன பெண்ணுக்குச் சாப்பாடு. சூசை, "யெஸ்?" என்று கேட்டிருக்கிறார். மார்கரெட், "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார். "நான் அவ ஹஸ்பண்ட்" என்று இவர் சொன்னதும் மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம்.

ரோஸி மாடியிலிருந்து ஓடி வந்து விளக்கம் சொன்னாள். மார்கரெட் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை. சூசையும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை வருஷமோ. ஆனால் பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"அவங்க கிட்ட இன்னா சொல்ல நெனச்சே?" என்றார்.

சொன்னேன், உங்களுக்குள் இருந்த வெளிச்சம் அணைந்துவிட்டது என்று.

"அணையல" என்றார். "நான்தான் அது கிட்டப் போவல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

5

பெரிய சனிக்கிழமை ராத்திரி. பாஸ்கா திருவிழிப்பு எப்படித் தொடங்கும் என்று நம்மில் எல்லோருக்கும் தெரியும். கோயில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வெளியே புது நெருப்பு மூட்டுவார்கள். அதை ஃபாதர் மந்திரித்து, அதிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றி, அந்த ஒற்றைச் சுடரோடு இருட்டுக் கோயிலுக்குள் போவார். உயிர்த்த கிறிஸ்து இருட்டுக்குள் வருகிறார் என்று அர்த்தம். பழவேற்காட்டில் அந்த நெருப்புக்குப் பஞ்சமே வந்ததில்லை. காய்ந்த தென்னை மட்டையைப் போட்டால் போதும்.

இங்கே அன்றைக்கு மழையும் பனியும் கலந்து சாய்ந்து அடித்தது. காற்று ஆளைத் தள்ளியது. கோயில் வாசலில் காலுள்ள ஒரு இரும்புச் சட்டியில் விறகு அடுக்கியிருந்தார்கள். எங்களோடு சேர்த்து இருபது பேர் இருப்போம். ஃபாதர் குனிந்து பற்றவைத்தார், அணைந்தது. மார்கரெட் செய்தித்தாளைச் சுருட்டி வைத்துப் பற்றவைத்தார், காகிதம் எரிந்துகொண்டே பறந்துபோனது. ஒரு பெரியவர் குடையை மறைப்பாகப் பிடித்தார், குடை உள்பக்கம் வெளியாகத் திரும்பிவிட்டது. தீக்குச்சிப் பெட்டி நனைந்தது. கால் மணி நேரம் ஆயிற்று. பரவாயில்லை, உள்ளே போய் லைட்டரில் திரியை ஏற்றிக்கொள்வோம் என்றார் ஃபாதர்.

ரோஸி திரும்பி எங்கள் வண்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சூசை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கையசைக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

வண்டிக் கதவு திறந்தது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. வண்டியின் பின்னாலிருந்து ஆலையின் நண்டுப் பெட்டிகள் நாலைத் தூக்கிக்கொண்டு வந்தார். காற்று வருகிற பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் மாதிரி நிறுத்தினார். சட்டியிலிருந்த விறகையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார். ஈரத்தைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, உள்ளே காய்ந்திருந்த துண்டுகளை மட்டும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். தன் பருத்திக் கையுறை ரெண்டையும் கழற்றி வண்டியிலிருந்த எண்ணெயில் நனைத்து அடியில் திணித்தார். அப்புறம் அந்தச் சேற்றுப் பனியில் குப்புறப் படுத்துவிட்டார். கோயிலுக்குப் போடுகிற நல்ல சட்டை எதுவும் இல்லை, வேலைக்குப் போடுகிற ஜாக்கெட்தான். தலையால் மறைத்துக்கொண்டு லைட்டரைத் தட்டினார். ஒரு முறை, ரெண்டு முறை, ஐந்து முறை. ஊதினார், மெதுவாக, நிறுத்தி நிறுத்தி.

முதலில் புகைதான் வந்தது, எல்லாம் என் மேல்தான். அப்புறம் குப்பென்று பிடித்தது. அத்தனை பேர் முகமும் ஒரே நேரத்தில் தெரிந்தது. யாரோ கைதட்டினார்கள், பிறகு இது பூசை என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

ஃபாதர் நெருப்பைப் பார்த்தார், தரையில் கிடக்கிற மனுஷரைப் பார்த்தார். பேர் என்ன என்று கேட்டார்.

"சூசை."

"அதாவது?"

"ஜோசப்" என்றாள் ரோஸி.

ஃபாதர் தலையசைத்து நெருப்பை மந்திரித்தார். பாஸ்கா திரி பற்றிக்கொண்டது. மார்கரெட் எல்லோருக்கும் சின்னத் திரி கொடுத்துக்கொண்டே வந்தவர் சூசை கையிலும் ஒன்றைத் திணித்தார். அவர் வேண்டாம் என்று சொல்லத் திரும்பினார், அதற்குள் மார்கரெட் அடுத்த ஆளிடம் போய்விட்டார். நெருப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே என்கிற மாதிரி சூசை அங்கேயே நின்றார். நாங்கள் உள்ளே போனோம்.

6

"கிறிஸ்துவின் ஒளி" என்று ஃபாதர் இங்கிலீஷில் பாடினார். நான் பதட்டத்தில் தமிழில் பதில் பாடிவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தர் திரியிலிருந்து ஒருத்தர் என்று வெளிச்சம் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. கடைசிப் பெஞ்சு வரைக்கும் போனபோது நானும் திரும்பினேன். சூசை கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் கரி. கையிலிருந்த திரி ஏற்றாமல் இருந்தது.

வாசகங்கள் முடிந்தன, மணி அடித்தது, விளக்கெல்லாம் எரிந்தது. ரோஸியை முன்னால் அழைத்தார்கள். மார்கரெட் அவள் தோளில் கை வைத்து நின்றார். உறுதிபூசுதலுக்கு ஒரு புனிதர் பேரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது இங்கே வழக்கம். என்ன பேர் என்று எங்களிடம் அவள் சொல்லவே இல்லை. தெரேசா என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"என்ன பேர் எடுத்துக்கொள்கிறாய்?" என்றார் ஃபாதர்.

"அந்தோணி."

ஃபாதர் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, "அன்டோனியாவா?" என்றார்.

"இல்ல ஃபாதர். அந்தோணி. எங்க பெரிப்பா பேரு" என்றாள். பெரிப்பா என்பதை மட்டும் தமிழிலேயே சொன்னாள்.

எண்ணெய் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்து அந்தப் பேரைச் சொல்லி அழைத்தார். எட்டு வருஷமாக சூசை காது கொடுத்துக் கேட்காத பேர், கனடாவில் ஒரு மரக் கோயிலில், ஒலிபெருக்கியில் கேட்டது. ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிப்பதற்காகத் திரிகளை மறுபடி ஏற்றச் சொன்னார்கள். ரோஸி தன் இடத்துக்குப் போகவில்லை. பாஸ்கா திரியில் தன் திரியை ஏற்றிக்கொண்டு, நடுவழியாக நேரே கடைசி வரைக்கும் நடந்து போனாள்.

"புடி நைனா" என்றாள்.

அவர் தன் திரியை மெதுவாகத்தான் நீட்டினார், ரெண்டு திரியும் சேர நேரமாயிற்று. சேர்ந்தது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சூசை என் போனைக் கேட்டார். எங்களுக்கும் உங்களுக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். இங்கே இரவு பத்தேகால், அங்கே ஈஸ்டர் காலை ஆறேகால். வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே மேரி அக்காவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போடத் தெரியாமல் போட்டுவிட்டார், அதனால் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணி, நான் சூசை."

"இன்னாபா, பண்டிகை வாழ்த்து. கொரலு இன்னா ஒரு மாதிரி கீது?"

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வெடிகாலைல அண்ணன் வந்து என்னைக் கூப்ட்டாரு. நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். ஒடம்பு வலி, எழுந்துக்க மனசில்ல. தூங்கறாப்ல கெடந்தேன். ரெண்டு வாட்டி கூப்ட்டுட்டுப் போயிட்டாரு. நான் கூடப் போயிருந்தா..."

இத்தனை வருஷம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் கோழி கூவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மேரி அக்கா பேசினாள்.

"அது எனக்குத் தெரியுமே சூசை."

"இன்னாது?"

"உன் வூட்டாண்ட வந்துட்டு திரும்பி எங்க வூட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சிட்டுத்தான் போனாரு. சிரிச்சிக்கினே சொன்னாரு. 'என் தம்பி தூங்கறாப்ல நடிக்கிறான் மேரி, கண்ணு இமை ஆடுது. நேத்து பூரா வலை இழுத்திருக்கான், கெடக்கட்டும், நானே போய் எடுத்துக்கினு வந்துடறேன்'னு. உன் மேல ஆசையாத்தான் போனாரு."

சூசை வண்டியில் சாய்ந்துகொண்டார். "இத்தினி வருஷமா ஏன் அண்ணி சொல்லல?"

"நீ இத்தச் சொமந்துக்கினு கீறேன்னு எனக்கு இன்னா தெரியும்? சாமி மேல கோவம்னு நெனச்சேன். நீயும் ஒரு வார்த்தை கேக்கல."

அவர் அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமாக. ரோஸி அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "பெரிம்மா, இன்னைலேர்ந்து எனக்குப் பெரிப்பா பேரு" என்று தமிழிலேயே சொல்லி, நெருப்பிலிருந்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். மேரி அக்கா குப்பத்தையே கூப்பிட்டுவிட்டாள். போன் கை மாறி மாறிப் போனது. உபதேசியார் பேசினார். பக்கத்து வீட்டு மீனாட்சி பேசினாள். அடையாளம் தெரியாத யார் யாரோ பேசினார்கள். சூசை மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருத்தருக்கும், "ஈஸ்டர் வாழ்த்துபா, நான் சூசை பேசறேன்" என்று சொன்னார்.

எல்லோரும் போய்விட்டார்கள். ஃபாதர் மட்டும் வளாகத்து வெளிக்கதவைப் பூட்டுவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தேன். அவர் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவசரமில்லை என்று கையைக் காட்டினார்.